ஏற்றத்தில் ஒரு உதறல், இறக்கத்தில் இன்னொன்று... பழைய காருக்கு 'ஸ்கேன்' எடுக்கும் ஊட்டி மலைப்பாதை!

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். வெளியூர் போகும்போது வண்டி கைகால் நடுங்குவதுபோல உதறும். மறுநாள் ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் பூனைக்குட்டி மாதிரி சாதுவாக நிற்கும். மெக்கானிக் ஏறி உட்கார்ந்து நான்கு தெரு சுற்றி வந்து, "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது" என்பார். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் பல்வலி நின்றுவிடுவதைப் போலத்தான்.

எப்போதும் இருக்கிற கோளாறைப் பிடிப்பது சுலபம். வந்து வந்து போகிற கோளாறைப் பிடிக்க வேண்டுமானால், அது வருகிற இடத்துக்கே வண்டியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த விஷயத்தில் கோவைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மேட்டுப்பாளையம் வரை சுமார் 35 கிலோமீட்டர் சமதளம். அதன்பிறகு குன்னூருக்குச் செங்குத்தான ஏற்றம். அங்கிருந்து ஊட்டிக்கு மலைமேல் ஓட்டம். திரும்பும்போது கோத்தகிரி வழியாக நீண்ட இறக்கம். ஒரே நாளில் ஒரு காரை இத்தனை விதமாகச் சோதிக்க வேறு இடம் தேட வேண்டாம்.

"அப்பப்பன்னா எப்பங்க?"

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளிக்கூடம் போகும் மகன். வீட்டில் 15 வயதான ஒரு சின்ன கார். இன்று ஓடும் பெரும்பாலான சின்ன கார்களைப்போல, இன்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றி இழுத்துச் செல்லும் வகை.

இந்தக் காருக்கு ஒரு வருடமாக உதறல். முதல் ஒர்க்ஷாப்பில் வீல் பேலன்சிங் செய்தார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மறுபடியும் உதறல். இரண்டாவது இடத்தில் ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் மாற்றினார்கள். பில்கள் சேர்ந்தன, உதறல் போகவில்லை. "இந்த வண்டியில நான் மலைக்கு வர மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். வந்த விலைக்கு விற்றுவிடலாமா என்று அப்பா யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

நான்காவதாகப் போன ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் பானட்டைத் திறக்கவே இல்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்பங்க உதறுது?"

"அப்பப்ப உதறுதுங்க."

"அப்பப்பன்னா எப்பங்க?"

அப்பாவிடம் பதில் இல்லை. ஒரு வருடமாக வண்டி உதறுகிறது. ஆனால் எந்த வேகத்தில், எந்த கியரில் என்று யாரும் கவனித்ததில்லை. மெக்கானிக் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தார். அந்த நேரத்தில் வேகம் என்ன? கியர் என்ன? கால் ஆக்ஸிலரேட்டரிலா, பிரேக்கிலா, இரண்டிலும் இல்லையா? உதறல் தெரிவது ஸ்டீயரிங்கிலா, சீட்டிலா, தரையிலா, பிரேக் பெடலிலா? வண்டி அப்போதுதான் கிளம்பியதா, வெகுநேரம் ஓடிச் சூடாகியிருந்ததா?

"ஊட்டி வரைக்கும் போயிட்டு வாங்க. ஒவ்வொரு தடவையும் இதை எழுதுங்க. ஆனா ஓட்டறவங்க எழுத வேண்டாம், பக்கத்துல உக்கார்றவங்க எழுதட்டும்."

கிளம்பும் முன் ஒரு சுற்று

உதறும் வண்டியை அப்படியே மலையேற்றக் கூடாது. அதனால் மெக்கானிக் முதலில் ஆபத்தான நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுகிறார்.

ஒன்று, வீல் நட்டுகள். சமீபத்தில் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய வண்டி உதறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தளர்ந்த நட்டைத்தான். இரண்டு, டயர். பக்கச்சுவரில் எங்காவது கொப்புளம்போல வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த டயரில் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகக் கூடாது. டயரின் வயதையும் பார்க்கலாம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. மூன்று, ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும், இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. 'டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட், டை ராட் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். நான்கு, பிரேக் ஆயில் அளவும் பிரேக் பேடின் தடிமனும்.

நான்கிலும் பயப்படும்படி எதுவும் இல்லை. போய்வரலாம்.

கிளம்புகிற காலையில் அம்மா கேட்கிறார், "ஏங்க, வழியில திரும்பவும் உதறுச்சுன்னா என்ன பண்றது?"

மகளிடமிருந்து பதில் வருகிறது. "உதறணும்மா. அதுக்குத்தான் போறோம்."

மேட்டுப்பாளையம் ரோடு: சமதளம் சொல்லும் சேதி

கவுண்டம்பாளையம் தாண்டுவதற்குள்ளேயே முதல் உதறல். மெல்லிய 'தட தட'. மகள் போனில் எழுதிக்கொள்கிறாள்: '30 கி.மீ., மூன்றாவது கியர், சீட்டில் தெரிகிறது, வண்டி குளிர்ச்சி.' துடியலூர் தாண்டியதும் அது காணாமல் போகிறது. அதன்பிறகு நாள் முழுவதும் வரவில்லை.

இது நோயே இல்லை. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற காரின் டயர், தரையைத் தொடும் பக்கம் லேசாகத் தட்டையாகிவிடும். சில கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் பழைய வட்டத்துக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற கார்களில் இது சகஜம். ஆனால் ஒர்க்ஷாப்பில் போய் "உதறுது" என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லிவிடுவோம். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, காரமடைக்கு முன்னால் சாலை கொஞ்சம் இடம் கொடுக்கிறது. வேகம் 60, 70, 80 என்று ஏறுகிறது. ஸ்டீயரிங் அசையவில்லை. 'உதறல் இல்லை' என்று மகள் எழுதுகிறாள்.

இது முக்கியமான குறிப்பு. சக்கரம் பேலன்ஸ் இல்லாமல் இருந்தால் இங்கேதான் காட்டிக்கொடுத்திருக்கும். இந்த அளவு சின்ன காரின் 13 அங்குல டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.72 மீட்டர் உருளும். 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 13 தடவை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் வெறும் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தால்கூட, அந்த வேகத்தில் 2 கிலோவுக்கு மேற்பட்ட விசை நொடிக்கு 13 தடவை சக்கரத்தை உலுக்கும். 100 கி.மீ. வேகத்தில் அதே 20 கிராம் மூன்றரை கிலோவாகிவிடும். காரணம், வேகம் கூடக்கூட இந்த விசை அதன் வர்க்கத்தில் கூடும். அதனால்தான் 60-ல் சும்மா இருக்கும் வண்டி 80-ல் திடீரென்று நடுங்குகிறது. முன்சக்கரம் என்றால் கையில், ஸ்டீயரிங்கில் தெரியும். பின்சக்கரம் என்றால் சீட்டில் தெரியும். மழைக்காலத்தில் மண்சாலையில் போய்வந்த பிறகு ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். அதற்குத் தண்ணீரும் பிரஷும் போதும்.

இந்தக் காரில் 80-லும் ஸ்டீயரிங் அமைதியாக இருக்கிறது. சந்தேகப் பட்டியலில் இருந்து சக்கர பேலன்சிங்கை அடித்துவிடலாம். எது காரணம் இல்லை என்று தெரிந்துகொள்வதும் பாதி வைத்தியம்தான்.

கல்லாறு முதல் குன்னூர் வரை: ஏற்றம் அவிழ்க்கும் முடிச்சு

மேட்டுப்பாளையத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கோத்தகிரிக்கு, இன்னொன்று குன்னூருக்கு. சீசன் நாள்களில் நெரிசலைக் குறைக்க, குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி வண்டிகளை ஒருவழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7-ம் தேதியிலிருந்து இ-பாஸும் வேண்டும்.

பவானி ஆற்றைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு வருகிறது. காற்று சட்டென்று குளிர்கிறது. மலை ரயிலின் பல்சக்கரப் பாதையும் இந்தக் கல்லாற்றில்தான் தொடங்குகிறது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான நீலகிரி மலை ரயில், கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது. சாதாரண சக்கரப் பிடிப்பு மட்டும் போதாத அளவுக்கு இங்கே ஏற்றம். அதே மலையை, நான்கு பேரைச் சுமந்துகொண்டு, 15 வயதுக் கார் ரப்பர் டயரை நம்பி ஏறப்போகிறது.

கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கின்றன. குன்னூருக்குள் மொத்தம் 14. முதல் சில வளைவுகளுக்குள்ளேயே மகளின் போனில் மூன்று குறிப்புகள் சேர்ந்துவிட்டன.

'25 கி.மீ., மூன்றாவது கியர், ஏற்றம், இன்ஜின் திணறல், காரே குலுங்குகிறது. அப்பா இரண்டாவது கியருக்கு மாற்றியதும் நின்றுவிட்டது.' இது கோளாறு இல்லை. கியரை மாற்றாமல் இன்ஜினை வதைத்ததன் விளைவு. பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம்.

'சாலை முழுக்க வெள்ளைப் பட்டை, வளைவுக்கு முன்னால், தடதட.' இது வேகத்தைக் குறைக்கச் சாலையில் போட்ட பட்டைகள். மகன் கண்டுபிடித்துச் சொன்னது. இதையும் எடுத்துவிடலாம்.

மூன்றாவது குறிப்புதான் விஷயம். இரண்டு வளைவுகளுக்கு நடுவே சாலை நீளமாகக் கிடைக்கிறது. அப்பா ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்கிறார். வேகம் 40-ஐத் தாண்டுகிறது. வண்டியின் மூக்கு இடமும் வலமுமாக உலுக்குகிறது. ஒரு வருடமாக எல்லோரையும் பயமுறுத்திய அதே உதறல்.

"காலை எடுங்கப்பா!"

காலை எடுத்த நொடியில் உதறல் மாயமாகிறது. மறுபடி மிதித்தால் மறுபடி வருகிறது. வேகத்தில் பெரிய மாற்றமில்லை, சாலையும் அதேதான். மாறியது பாரம் மட்டுமே. டயரிலோ ரிம்மிலோ கோளாறு என்றால், காலை எடுத்ததும் இப்படி நொடியில் நின்றுவிடாது. இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி போகிற வழியில்தான் எங்கோ தேய்மானம்.

இன்ஜினாக இருக்கலாமே? அதற்கும் ஒரு சோதனை உண்டு. அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பார்ப்பது. கியர் மாறினால் இன்ஜினின் சுழற்சி மாறும், சக்கரத்தின் சுழற்சி மாறாது. இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் உதறலின் தாளம் ஒரே மாதிரி இருந்தது. அப்படியானால் இன்ஜினும், ஸ்பார்க் பிளக்கும், மவுன்ட்டும் குற்றவாளிகள் இல்லை.

பர்லியாறில் பழக்கடைகள் வரிசையாக வருகின்றன. சீசன் நேரத்தில் மங்குஸ்தானும் துரியானும் கிடைக்கிற இடம். வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை இளைப்பாற விடுகிறார்கள். மகள் அந்த நேரத்தில் போனில் 'பைபாக்ஸ்' என்ற செயலியை இறக்குகிறாள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இயற்பியல் மாணவர்களுக்காக உருவாக்கிய இலவசச் செயலி இது. எல்லா ஸ்மார்ட்போனுக்குள்ளும் இருக்கும் அதிர்வு உணரியைப் பயன்படுத்தி, நொடிக்கு எத்தனை அதிர்வு என்று இது காட்டிவிடும். போனை மடியில் வைக்காமல், காரின் தரையில் அசையாமல் வைக்க வேண்டும்.

அடுத்த ஏற்றத்தில் 45 கி.மீ. வேகம். திரையில் 22-க்குப் பக்கத்தில் ஒரு கூர்முனை எழுகிறது. நொடிக்கு 22 உதறல். அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 7.3 தடவை சுற்றும். 22-ஐ 7.3-ஆல் வகுத்தால் மூன்று. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி மூன்று தடவை உதறுகிறது!

இந்த மூன்றுக்கு அர்த்தம் ஒர்க்ஷாப்பில்தான் தெரியும். அதுவரை அதை எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

குன்னூர் முதல் ஊட்டி வரை: காற்று குறையும் இடம்

குன்னூரைத் தாண்டியதும் ஏற்றத்தின் கடுமை குறைகிறது. வெலிங்டன், அருவங்காடு, கேத்திப் பள்ளத்தாக்கு என்று சாலை மலையின் தோளில் போகிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்கு மூச்சும் அந்த அளவு குறையும். பலவீனமான காயிலோ, பழைய பிளக் ஒயரோ இருந்தால், பாரத்தோடு மலை ஏறும்போது முகம் காட்டலாம். அது வேறு வகை உதறல். ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடுவதால் வரும் வெட்டு வெட்டான குலுக்கல். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அதுதான் அடையாளம்.

சேரிங் கிராஸ் நெரிசலில் இன்னொரு சோதனை இலவசமாக நடக்கிறது. நின்றுகொண்டே இருக்கும்போது வண்டி நடுங்குகிறதா? ஏசி போட்டால் கூடுகிறதா? ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது மட்டும் வந்து, ஃபேன் நின்றதும் போகிறதா? முதல் இரண்டும் மவுன்ட்டையோ ஐடிலிங்கையோ காட்டும். மூன்றாவது, ஃபேனின் இறக்கை உடைந்திருப்பதைக் காட்டும். மேட்டில் நின்று முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் 'தட தட' என்று துள்ளினால் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும்.

இந்தக் காரில் அப்படி எதுவும் இல்லை. தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்த்து, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு குடும்பம் கோத்தகிரி சாலையில் திரும்புகிறது. அம்மாவின் முகத்தில்கூட நிம்மதி. எல்லாவற்றையும் மலை சொல்லிவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

கோத்தகிரி இறக்கம்: இரண்டாவது முகம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 33 கிலோமீட்டர். தேயிலைத் தோட்டங்கள் முடிந்து, காடு தொடங்கி, கீழே சமவெளி விரிந்து கிடக்கும் அழகான பாதை. குன்னூர் பாதையைவிட வளைவுகள் சாது. சாதுவாக இருப்பதால்தான் ஓட்டுபவர்கள் ஏமாறுகிறார்கள். அப்பாவும் மூன்றாவது கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து இறக்குகிறார்.

பத்து கிலோமீட்டர் போயிருக்கும். ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக் மிதிக்கிறார். ஸ்டீயரிங் கையில் படபடவென்று அடிக்கிறது. பிரேக் பெடல் காலுக்குக் கீழே துடிக்கிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. மிதித்தால் வருகிறது.

மகள் எழுதுகிறாள்: '50-லிருந்து 20 வரை, மூன்றாவது கியர், கால் பிரேக்கில், ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் தெரிகிறது, வண்டி சூடு.' எழுதிவிட்டு மேலே இருக்கும் காலைக் குறிப்பைப் பார்க்கிறாள். காலையில் வந்தது ஆக்ஸிலரேட்டரில், பிரேக்கில் இல்லை. மூக்கு உலுக்கியதே தவிர, பெடல் துடிக்கவில்லை.

"அப்பா, இது அது இல்லப்பா. இது வேற."

சமமான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துகிறார்கள். சக்கரத்தின் பக்கத்தில் போனாலே அனல் அடிக்கிறது. லேசான கருகல் வாடை. ஏன் இவ்வளவு சூடு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் நாலரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,000 வாட் ஹீட்டரை நாலரை மணி நேரம் எரியவிடுவது போன்றது. இன்ஜினும் காற்றும் உருளும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் பிரேக்கில்தான் சூடாக இறங்க வேண்டும். கியரை உயர்த்தி வைத்தால் இன்ஜினின் பங்கு குறைந்து, பிரேக்கின் பங்கு கூடிவிடும்.

இப்படிச் சூடான பிரேக் மீது தண்ணீர் ஊற்றவே கூடாது. அரை மணி நேரம் சும்மா விடுவதுதான் மருந்து. அதன்பிறகு அப்பா இரண்டாவது கியரில் இறங்குகிறார். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. குஞ்சப்பனை வரும்வரை துடிப்பு இல்லை. ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான்.

ஒரு பெயர், இரண்டு வியாதி

மறுநாள் ஒர்க்ஷாப்பில் மகள் போனை நீட்டுகிறாள். மெக்கானிக் ஒவ்வொன்றாகப் படிக்கிறார். "கண்ணு, இது ஒரு வியாதி இல்ல. ரெண்டு."

வண்டியை லிஃப்டில் ஏற்றுகிறார். கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுக்கு டிரைவ் ஷாஃப்ட் என்று பெயர். அதன் இரண்டு முனைகளிலும் ஜாயின்ட் உண்டு. இடது பக்க உள் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ் சுற்றிலும் தெறித்துக் காய்ந்து கிடக்கிறது. ஷாஃப்டைக் கையால் ஆட்டினால் லொடலொடக்கிறது. அந்த ஜாயின்ட்டுக்குள் இருப்பவை மூன்று உருளைகள். மூன்றும் மூன்று பள்ளங்களில் ஓடுகின்றன. பள்ளம் தேய்ந்துபோனால், பாரம் ஏறும்போது ஒரு சுற்றுக்கு மூன்று தடவை இடறும். போன் காட்டிய கணக்கு இதுதான். காலியான வண்டியில், ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது அந்த இடறல் வெளியே தெரிவதில்லை. நான்கு பேர் ஏறி, மலையில் மிதித்தால்தான் தெரிகிறது.

அடுத்து பிரேக் டிஸ்க். மேலோட்டமாகப் பார்த்தால் வழவழப்பாகத்தான் இருக்கிறது. மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் சுற்றிலும் ஒரே தடிமன் இல்லை. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான வித்தியாசம்கூட காலுக்குத் தெரிந்துவிடும். சூடு ஏறினால் அது இன்னும் மோசமாகும். டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால் பின்னால் ஹப்பில் துரு. வீல் நட்டுகளும் ஒன்று அதிக இறுக்கம், ஒன்று குறைவு என்று இருந்திருக்கின்றன. பேலன்சிங்குக்காகச் சக்கரத்தைக் கழற்றி, மெஷினால் கண்டபடி முறுக்கி மாட்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம். நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வடிவில், டார்க் ரெஞ்ச் வைத்து ஒரே அளவில் இறுக்க வேண்டும்.

ஒரு வருடம் ஏன் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது இப்போது புரிகிறது. ஏற்றத்தில் வந்ததையும் இறக்கத்தில் வந்ததையும், காலையில் வந்த டயர் தடதடப்பையும் சேர்த்து 'உதறல்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் இரண்டு வாரம் நன்றாக ஓடியதற்கும் காரணம் இருக்கிறது. அந்த இரண்டு வாரமும் வண்டி ஊருக்குள்ளேயே ஓடியது. மலைப் பக்கம் போகவே இல்லை.

இந்த நான்கும் வந்தால் குறிப்பு எடுக்க வேண்டாம்

எழுதி வைத்துக் கண்டுபிடிக்கிற வேலையெல்லாம் வந்து போகிற உதறலுக்குத்தான். சில நேரங்களில் உடனே ஓரம்கட்ட வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு உதறல் தொடங்கி, போகப்போகக் கூடினால் நிறுத்துங்கள். நட்டு கழன்றுகொண்டிருக்கலாம். டயரிலிருந்து 'தப் தப்' என்ற அடி நிமிடத்துக்கு நிமிடம் பெரிதானால் நிறுத்துங்கள். டயரின் உள் அடுக்கு பிரிந்துகொண்டிருக்கலாம். பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, பஞ்சுபோல மெத்தென்று இருந்தாலோ, மலையில் ஒரு வளைவுகூடத் தாண்டக் கூடாது. பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு ஸ்டீயரிங் தானாக ஆட ஆரம்பித்தால், தூக்கிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுவதுதான் பாதுகாப்பு.

மீண்டும் அதே வளைவு

ஷாஃப்ட் மாற்றியாயிற்று. டிஸ்க்கும் பேடும் புதிது. ஹப்பின் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்தாயிற்று. ஆனால் மெக்கானிக் இன்னும் 'சரியாயிடுச்சு' என்று சொல்லவில்லை.

"ஊருக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொல்லாதீங்க. எங்க உதறுச்சோ அங்க போங்க. அதே ஆளுங்க, அதே கியர், அதே வேகம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் மறுபடி கிளம்புகிறார்கள். பர்லியாறு தாண்டி அதே ஏற்றம். மூன்றாவது கியர், 45. அப்பா மிதிக்கிறார். போன் தரையில் கிடக்கிறது. 22-க்குப் பக்கத்தில் இருந்த முனை இல்லை. சாயங்காலம் கோத்தகிரி இறக்கத்தில், இரண்டாவது கியரில், பாதி வழியில் அப்பா பிரேக்கை ஒருமுறை வேண்டுமென்றே அழுத்திப் பார்க்கிறார். பெடல் அமைதியாக இருக்கிறது.

கீழே மேட்டுப்பாளையத்தின் விளக்குகள் தெரிகின்றன. காரை விற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த லீவுக்கு வால்பாறை போகலாமா என்று அம்மாதான் கேட்கிறார்.